தவசிப்பிள்ளைக்கு ஓர் இலை

மலையடிவாரத்தில், ஆறு திரும்பும் இடத்தில் ஒரு மடம். அங்கே மழைக்காலத்தில் மட்டும் பாடம் நடக்கும். பாடம் சொல்பவர் பெயர் உலகம்மை. நாற்பத்து நான்கு வயது. முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். அவரைவிட மூத்தவர்களும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஐப்பசி பிறந்ததும் பாடம் தொடங்கும். விடியும் முன்பு ஒரு பாட்டு, அதற்குப் பொருள், பிறகு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். மார்கழியோடு எல்லாப் பாட்டும் முடிந்துவிடும். பாடத்துக்கு எட்டுப் பேர் வருவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருநூறு பேர் வருவார்கள். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

அத்தனை பேர் சாப்பிட வந்ததற்குக் காரணம் கோமதிநாயகம். மடத்துத் தவசிப்பிள்ளை. சமையல்காரரை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஐம்பத்தேழு வயது. ஒரு காலத்தில் மூன்று ஜில்லாவுக்கும் கல்யாணச் சமையலுக்குப் போய்வந்தவர். அவர் சமைத்த கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடுவதற்குத் தவிர வேறெதற்கும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அவரிடம் ஒரே குறை, கோபம். வந்துவிட்டால் கையில் இருப்பது பறக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன், ஒரு கல்யாண வீட்டில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது என்று, கூட வேலை பார்த்த சொந்த மகனையே இரும்புக் கரண்டியால் தலையில் அடித்துவிட்டார். பெண் வீட்டார், மேளக்காரர், பந்தல்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகன் ஆவுடையப்பனுக்கு அப்போது இருபத்தொரு வயது. தாயில்லாப் பிள்ளை. இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தரையில் போட்டுவிட்டு வெளியே போனவன், அதற்குப் பிறகு வீட்டுக்கும் வரவில்லை.

அடுத்த மாதமே கோமதிநாயகம் அம்மாவிடம் வந்து நின்றார்.

"இந்தக் கோபத்தை விட்டொழிக்கணும். அதுக்காகத்தான் வந்திருக்கேன்" என்று அழுதார்.

"விடியக்காலம் பாடத்துக்கு வாங்க அண்ணாச்சி" என்றார் அம்மா.

அன்றைக்கு மடத்தில் சமைக்க ஆள் இல்லை. இவர் சும்மா இருப்பாரா? அடுப்பைப் பற்றவைத்தார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அந்த அடுப்பு ஓயவில்லை. யாராவது கேட்டால், தான் அம்மாவின் சீடர் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வார். ஒரு நாள்கூடப் பாடத்தில் உட்கார்ந்ததில்லை.

இந்த வருஷம் ஐப்பசி முதல் நாளில் அம்மா ஒன்று சொன்னார்.

"இது கடைசிப் பாடம். தை ஆறாம் தேதி வடக்கே நடக்கப் போறேன். திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியாது."

கோமதிநாயகம் தை ஆறு வரை நாட்களை விரல்விட்டு எண்ணினார். நாளையிலிருந்து உட்கார்ந்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். மறுநாள் பால்காரர் தாமதமாக வந்தார். அதற்கு மறுநாள் ஒரு வேன் நிறையப் பக்தர்கள் வந்து இறங்கினார்கள். ஐப்பசி போய்விட்டது.

கார்த்திகை முதல் வாரத்தில் அவருக்குப் போன் வந்தது. ஆவுடையப்பன்தான் பேசினான். ஒன்பது வருஷத்தில் முதல் முறை.

"தை அஞ்சாம் தேதி வாரேன். பொண்டாட்டி பிள்ளையோட. ஒரு நேரம் உக்காந்து சாப்பிட்டுட்டுப் போறோம்."

"வாப்பா, வா..."

"ஒண்ணு சொல்லிருதேன். எம்பிள்ளை முன்னால சத்தம் போட்டீங்கன்னா அன்னிக்கோட முடிஞ்சிது. அப்புறம் உங்க முகத்துல முழிக்க மாட்டேன்."

பேரப்பிள்ளை பிறந்ததே அவருக்கு அப்போதுதான் தெரியும். பெயர் என்ன என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிகாலையில் பாடம் நடக்கும் கூடம் வரைக்கும் போவார். ஒரு காலை உள்ளே வைப்பார். அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி இருக்கும், திரும்பி ஓடுவார். போய்ப் பார்த்தால் பால் அடுப்பிலேயே ஏறியிருக்காது. சோமவாரக் கூட்டம் முடியட்டும் என்பார். தீபம் முடியட்டும் என்பார். மார்கழி பிறந்தால் மனசு தானாக அடங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொண்டே காய்கறிக்கூடையை இங்கிருந்து அங்கே வைப்பார், அங்கிருந்து இங்கே வைப்பார்.

கார்த்திகை இருபத்து மூன்றாம் தேதி, பந்தியெல்லாம் முடிந்த பிறகு, அவர் நேரே அம்மாவிடம் போனார். அம்மா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு ஒண்ணு புரியலை."

"சொல்லுங்க."

"இருநூறு பேர் பசிக்கு நேரத்துக்குச் சோறு போடுதேன். ஒரு நாள் தள்ளிப் போனதில்லை. எனக்குன்னு ஒரு அரைமணி நேரம் உக்காரணும்னா மட்டும் நாளைக்கு, நாளைக்குன்னு போயிட்டே இருக்கு. ஏன் இப்படி?"

அம்மா சேலையைப் பிழிந்தார்.

"மகன் வந்தா என்ன செய்யப் போறீங்க?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "விருந்துதான்! சொதி வைக்கேன். அவனுக்கு இஞ்சிப் பச்சடின்னா உசிரு. அவியல், உருளைக்கிழங்கு காரக்கறி, ரெண்டு பாயசம். பிள்ளைக்கு நெய்யப்பம். இப்பமே தேங்காய்க்குச் சொல்லி வச்சிட்டேன்."

"அவன் ஒன்பது வருஷமா வராம இருந்தது சாப்பாடு கிடைக்காமலா அண்ணாச்சி?"

கொடியில் சேலையை விரித்துப் போட்டுவிட்டு அம்மா சொன்னார்:

"நாளைக்கு நீங்க முதல் பந்தியில உக்காருங்க."

"நானா?"

"ஆமா. உங்களுக்கும் ஒரு இலை போடுவோம்."

பரிமாறுகிறவர்கள் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவது வழக்கம். இவர் கடைசிப் பந்தியில்கூட உட்கார்ந்ததில்லை. எல்லாரும் போன பிறகு, அடுப்படியில் நின்றுகொண்டே, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுவார். அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு.

"யாரு சமைக்க?"

"பேச்சியம்மா."

"அவளுக்கு உப்புத் தெரியாதேம்மா!"

அவர் பதறியதற்குக் காரணம் இருந்தது. மடத்தை உண்டாக்கிய சாமியாரின் சமாதிக்குப் படைத்த பிறகுதான் எதையும் வாயில் வைக்கலாம். சமைக்கிறவர் ருசி பார்க்கக் கூடாது. கையளவிலேயே உப்புப் போட வேண்டும். அந்தக் கையளவு அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பாத்திரம் தேய்த்துக் காய் நறுக்கித் தருகிற பேச்சியம்மாளுக்கு அவர் சொல்லிக் கொடுத்ததில்லை. யாருக்குமே சொல்லிக் கொடுத்ததில்லை. உப்பும் புளியும் இருக்கிற உக்கிராண அறையின் சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான் இருக்கும்.

"ஒன்பது வருஷமா பக்கத்துல நிக்கா. தெரியாமயா இருக்கும்? சாவியைக் கொடுங்க" என்றார் அம்மா.

சாவியை அவிழ்க்க அவருக்கு நேரம் பிடித்தது.

மறுநாள் விடிகாலையிலாவது பாடத்துக்குப் போயிருக்கலாம். கையில் வேலையும் இல்லை. மனிதர் கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். அடுப்படிப் பக்கம் மட்டும் போகக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டபோது, எண்ணெய் இன்னும் காயவில்லை என்று வெளியிலிருந்தே முனகினார்.

மத்தியானம் முதல் பந்தி உட்கார்ந்தது. முப்பது பேர். நடுவில் கோமதிநாயகம். அவர் முன்னால் இலை விரிந்ததும் பந்தியில் ஒரு சின்னச் சலசலப்பு.

"என்ன அண்ணாச்சி, உடம்புக்கு முடியலையா?" என்று பக்கத்தில் இருந்த லாரிக்காரர் கேட்டார்.

"அம்மா உக்காரச் சொன்னாக."

சோறு வந்தது, குழம்பு வந்தது. அவர் குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். மறுபடி ஒரு முறை தொட்டு வைத்தார்.

உப்பு அவர் போடுகிற அதே உப்பாக இருந்தது. புளியும் காரமும் அப்படியே அவர் கை. எங்காவது ஒரு குறை கிடைக்குமா என்று கூட்டைத் தொட்டார், பொரியலைத் தொட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை.

"அண்ணாச்சி கை அண்ணாச்சி கைதான்" என்று எதிர்வரிசையில் ஒருவர் சொன்னார்.

"நீங்க உக்காந்திருக்கும்போதே இந்த ருசின்னா, நின்னு செஞ்சா எப்படி!" என்று லாரிக்காரர் சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

கோமதிநாயகத்துக்குக் காது சுட்டது. பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும் வரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. நடுவில் ஒருவர் எழுந்துவிட்டால் மற்றவர்கள் கையை இலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். முப்பத்தைந்து வருஷம் பந்தி பார்த்தவருக்கு இது தெரியாதா? தெரிந்தும் எழுந்தார். எச்சில் கையோடு அடுப்படிக்குள் போனார்.

பேச்சியம்மாள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்காரி, ஒல்லியான உடம்பு.

"ஏட்டி, யாரைக் கேட்டு என் அளவைப் போட்டே?"

அவள் திரும்பினாள்.

"உனக்கு யாருட்டி சொல்லிக் கொடுத்தா? திருடிப் பாத்தியா?"

"அண்ணாச்சி, நான்..."

பெரிய கரண்டி அவர் கைக்கு எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. அது மேலே போயிருந்தது. பேச்சியம்மாள் கத்தவில்லை, ஓடவும் இல்லை. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு இடது முழங்கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். யோசித்துச் செய்ததாகவே இல்லை. அடிக்கடி செய்து பழகியவர்கள் செய்வது போல இருந்தது.

அந்த முழங்கையைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

வாசலில் அம்மா நின்றிருந்தார். கையில் தண்ணீர் வாளி.

"வெளிய இருபத்தொன்பது பேரு கையை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்காக" என்றார். "கரண்டியை வச்சிட்டு வாங்க."

அவர் போய் உட்கார்ந்தார். எல்லாரும் மறுபடி இலையில் கை வைத்தார்கள். ரசம் வந்தது, மோர் வந்தது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஆனாலும் கடைசி வரை இருந்து, எல்லாரும் முடித்த பிறகுதான் எழுந்தார்.

சாயங்காலம், பாத்திரம் தேய்க்கிற இடத்துக்குப் போய்ச் சற்றுத் தள்ளி நின்றார்.

"பேச்சி, தப்பு என்னுதுதான். நல்லவேளை, அடிச்சிரலை."

அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னைக்கு அடிக்கலை" என்றாள்.

"என்ன சொல்லுதே?"

"இதுக்கு முன்னால நாலு தடவை அடிச்சிருக்கீங்க அண்ணாச்சி. கரண்டிக் காம்பால ரெண்டு தரம். ஒரு தரம் தட்டால. ஒரு தரம் கையால."

"நானா? எப்பம்?"

"உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அடிச்ச அஞ்சாவது நிமிஷம் பந்தி ஆரம்பிச்சிரும். நீங்க சிரிச்ச முகமாப் பரிமாறப் போயிருவீங்க."

அவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"உப்பு உனக்கு எப்படித் தெரிஞ்சிது?"

"உங்க கையைப் பாத்துக்கிட்டேதான இருப்பேன்."

"கத்துக்கணும்னா?"

"எப்பம் ஓங்கும்னு தெரியாதுல்லா? அதுக்காகப் பாப்பேன். பாத்ததுல உப்பும் தெரிஞ்சிது."

அவள் இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். அதுதான் அவரை அதிகம் வாட்டியது.

"ஏன் யாருகிட்டயும் சொல்லலை?"

"அம்மா ஒரு தடவை கேட்டாக, கையில என்ன காயம்னு. அடுப்புல சுட்டுக்கிட்டேன்னு சொன்னேன்."

"நம்பிட்டாகளா?"

"அப்புறம் கேக்கலை" என்றாள் பேச்சியம்மாள். கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் அம்மா முன்னால் போய் நின்றார். கையில் போன் இருந்தது.

"மகனை இந்த வருஷம் வரவேண்டாம்னு சொல்லிரட்டுமா?"

"ஏன்?"

"நான் அப்படியேதான் இருக்கேன். ஒரு கடுகளவு மாறலை. வந்த இடத்துல பிள்ளை முன்னால ஏதாவது செஞ்சு தொலைச்சேன்னா அதோட போச்சு. ஒரு வருஷம் போகட்டும். கொஞ்சம் பக்குவம் வந்தப்புறம் நானே கூப்பிடுதேன்."

"எப்பம் வரும் பக்குவம்?"

"வரும்லா... சீக்கிரம் வரும்."

"அவன் ஒரு தேதி சொல்லியிருக்கான் அண்ணாச்சி. உங்ககிட்ட இருக்கா ஒரு தேதி?"

அவர் போனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். போனை மடியில் சொருகிக்கொண்டு வெளியே போய், இருட்டும் வரை முற்றத்தில் நடந்தார்.

மறுநாள் விடிகாலையில் பாடத்துக்கு ஒன்பது பேர் இருந்தார்கள்.

அவர் உட்கார்ந்த அழகை என்னவென்று சொல்ல? முதல் நாள் பாட்டு முடிவதற்குள் மூன்று தடவை காலை மாற்றினார். அரைமணி நேரத்தில் நாற்பது தடவை கண்ணைத் திறந்து பார்த்தார். மற்ற எட்டுப் பேரும் அசையாமல் இருந்ததைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. இரண்டாம் நாள் பாதியில் எழுந்து ஓடினார். நான்காம் நாளும் ஓடினார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஓடிப்போன இடத்தில் பேச்சியம்மாள், "எல்லாம் நடக்கு, நீங்க போங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

அடுப்படியில் இருந்த வரைக்கும் அவருக்கு மகன் நினைவு வருவது குறைவு. உட்கார்ந்தால் வேறொன்றும் வரவில்லை. கரண்டி பட்ட சத்தம் வந்தது. தரையில் விழுந்த துண்டு வந்தது. துண்டின் ஓரத்தில் இருந்த பச்சைக் கரை வரைக்கும் வந்தது. இதற்குத்தான் இத்தனை வருஷம் பயந்தேனா என்று ஒரு நாள் நினைத்தார். அன்றைக்கு அழுதார். பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

மார்கழி நடுவில் ஒரு விடிகாலை, பருப்பு அடிப்பிடிக்கிற வாடை கூடம் வரை வந்தது. ஒன்பது பேரில் அது அவருக்கு மட்டும்தான் தெரிந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்த பிறகுதான் எழுந்தார். அடுப்படிக்குப் போய், "அடிப்பிடிச்சிட்டா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி" என்றாள் பேச்சியம்மாள். நான்கு அடி தள்ளி நின்றுதான் சொன்னாள்.

"சரி. வேற பருப்பு போடு."

அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அதைச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய் ஒரு வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மார்கழி முடிந்தது, பாடமும் முடிந்தது. அவர் கேட்டது முப்பத்து மூன்று பாட்டு. அதற்கு முன்னால் ஓடிப்போன பாட்டுக்கெல்லாம் கணக்கில்லை.

தை ஐந்தாம் தேதி பதினோரு மணிக்கு ஆவுடையப்பன் வந்தான். கூடவே மனைவி இசக்கியம்மாளும் மூன்று வயதுப் பெண்ணும். கோமதிநாயகம் வாசலுக்குப் போய், என்ன சொல்வது என்று தெரியாமல், "பஸ் கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"கிடைச்சுது."

"பாப்பா பேரு என்ன?"

"கோமு" என்றாள் இசக்கியம்மாள். கோமதி என்ற பெயரை அந்த ஊரில் அப்படித்தான் சுருக்குவார்கள். ஆவுடையப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சொதி இல்லை, இஞ்சிப் பச்சடி இல்லை. அன்றாடம் எல்லாருக்கும் போடுகிற சாப்பாடுதான். பேச்சியம்மாள்தான் சமைத்திருந்தாள். முதல் பந்தியில் மகன், மருமகள், பேத்தி. மகனுக்கு இடப்பக்கத்தில் கோமதிநாயகம் போய் உட்கார்ந்தார். இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். அவர் ஒன்பது வருஷமாகச் சொல்ல வேண்டியிருந்ததை மெதுவாகச் சொன்னார்.

"நான் செஞ்சது தப்புப்பா."

ஆவுடையப்பன் திரும்பவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவருக்குள் ஏதோ மளமளவென்று ஏறியது. இவ்வளவு தூரம் இறங்கி வந்து சொல்கிறேன், ஒரு வார்த்தை பேசினால் என்ன? கை இலையின் ஓரத்தைப் பிடித்துக் கசக்கியது. அவர் மூச்சை இழுத்துவிட்டு, இன்னொரு முறை சொன்னார்.

"ஆவுடை, நான் செஞ்சது தப்புப்பா."

அப்போதும் அவன் திரும்பவில்லை. இசக்கியம்மாள்தான் எட்டிப் பார்த்தாள்.

"மாமா, அந்தப் பக்கம் அவுகளுக்குக் கேக்காது. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

"ஏன்? என்னாச்சு?"

அவள் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. கரண்டி விழுந்தது இடது பக்கம்.

கோமதிநாயகம் எழுந்தார். சோறு இன்னும் வந்திருக்கவில்லை, அதனால் எழலாம். சுற்றிக்கொண்டு போய் மகனுக்கு வலப்பக்கம், பேத்தி இருந்த இடத்தில், அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். இரண்டு தடவை சொன்ன சொல் மூன்றாவது தடவை வரவில்லை. கண்ணிலிருந்து வழிந்தது.

ஆவுடையப்பன் அவரைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"சாப்பிடுவோம்ப்பா" என்றான்.

அன்று குழம்பில் உப்பு ஒரு கை குறைந்துவிட்டது. பேச்சியம்மாளுக்குப் பதற்றம். பந்தியில் எல்லாருக்கும் அது தெரிந்தது. எல்லாரும் கோமதிநாயகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அவர் குழம்பு ஊற்றிப் பிசைந்து பேத்திக்கு ஒரு வாய் ஊட்டினார், தானும் சாப்பிட்டார், ரசத்துக்குச் சோற்றில் குழி செய்தார்.

மூன்று மணி பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்பினார்கள். போகும்போது ஆவுடையப்பன், "பாப்பாவுக்கு மாசியில காதுகுத்து. வாங்க" என்றான். கொஞ்சம் நின்று, "சமைக்க ஆள் சொல்லியாச்சு. சும்மா வாங்க" என்றும் சொன்னான்.

பஸ் போன பிறகு கோமதிநாயகம் விடுவிடுவென்று அம்மாவின் அறைக்குப் போனார். அம்மா மறுநாள் பயணத்துக்குப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"போயிட்டாகளா?"

"போயிட்டாக. அவனுக்கு ஒரு காது கேக்காதாம். ஒன்பது வருஷமா."

அம்மாவின் கை நின்றது.

"நான் அன்னைக்கே உக்காந்திருந்தா முதல் வருஷமே அவனைத் தேடிப் போயிருப்பேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். பேச்சி நாலு அடி வாங்கியிருக்க மாட்டா."

"ஆமா."

"நான் முட்டாள். எனக்குத் தெரியலை. நீங்க குருதானம்மா? பேச்சி கையில இருந்த காயத்தைப் பாத்தீங்கள்லா? எட்டுப் பேருக்குப் பாடம் சொல்லும்போது, ஒன்பதாவது ஆளு அடுப்படியில ஒளிஞ்சிக்கிட்டு இருக்கான்னு உங்களுக்குத் தெரியும்லா? ஒரு நாளு... ஒரே ஒரு நாளு, அடுப்பை அணைச்சிட்டு வந்து உக்காருங்கன்னு நீங்க என்னை அதட்டியிருக்கக் கூடாதா? ஏன் விட்டு வச்சீங்க?"

அவர் குரல் உயர்ந்திருந்தது. வெளியே பேச்சியம்மாள் வந்து நின்றாள்.

அம்மா மடித்த சேலையைப் பிரித்தார். மறுபடி மடித்தார். பாடம் சொல்லும்போது எல்லாரையும் நேருக்கு நேர் பார்க்கிறவர், இப்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்க குழம்பு நல்லா இருந்துச்சு அண்ணாச்சி" என்றார்.